புதுக் கணிப்பொறி இயங்கவில்லையா?

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அறிமுகமான 'எனியாக்' என்னும் கணிப்பொறி ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. அதனுள் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று பழுதானாலும் கணக்குத் தவறிவிடும். பழுதான குழாய் எது என்று தேடுவதே அங்குப் பணியாற்றியவர்களுக்கு ஒரு தனி வேலையாக இருந்தது. 1975-இல் 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணிப்பொறி உதிரிப் பாகங்களாகவே விற்பனைக்கு வந்தது. ஆர்வலர்கள் அதை வாங்கி, வீட்டு மேசையில் வைத்து, ஒவ்வொரு பாகமாகப் பற்றவைத்துச் சேர்த்தனர். வீட்டிலேயே கணிப்பொறி கட்டும் பழக்கம் பரவியது ஏறத்தாழ அக்காலம் முதல்தான் எனலாம்.

இன்று பற்றவைக்கும் வேலைகூட இல்லை. ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவரும் சில மணி நேரப் பொறுமையும் இருந்தால் நாமே பாகங்களை வாங்கிக் கணிப்பொறியைக் கட்டிவிடலாம். ஆனால், கட்டி முடித்துச் சுவிட்சை அழுத்தியபின் அது இயங்காவிட்டால் என்ன செய்வது? சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்தது அதுதான். அன்று நான் செய்த தவறுகளையும், பின்னர் கற்றுக்கொண்ட முறையையும் என் உடன்பயிலும் நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சுவிட்சை அழுத்தியபின் நடப்பது என்ன?

பழுது பார்க்குமுன் ஒழுங்காக இயங்கும்போது என்ன நடக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். கணிப்பொறிக்கு மின்சாரம் தரும் பெட்டியை நாம் எஸ்.எம்.பி.எஸ். என்கிறோம். அது வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. பிளக்கைச் செருகி அதன் பின்புறச் சுவிட்சைப் போட்ட உடனேயே ஒரே ஒரு 5 வோல்ட் இணைப்பு மட்டும் விழித்துக்கொள்கிறது. மற்றவை உறங்குகின்றன.

கேபினெட்டின் முன்புறமுள்ள பொத்தானை அழுத்தினால் மதர்போர்டிலுள்ள இரண்டு சிறு ஊசிகள் ஒரு கணம் இணைகின்றன. உடனே மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு 'எழுந்திரு' என்று சைகை தருகிறது. எல்லா மின்னழுத்தங்களும் சரியான அளவிற்கு வந்ததும் எஸ்.எம்.பி.எஸ். 'மின்சாரம் நலம்' என்று மறுசைகை தருகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதன் பின்னரே பிராசசர் விழித்து, பயாஸ் என்னும் தொடக்க நிரலைப் படிக்கத் தொடங்குகிறது. பயாஸ் முதலில் பிராசசரையும், அடுத்து ராம் நினைவகத்தையும், பிறகு திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும், கடைசியாக விண்டோஸ் அல்லது லினக்ஸ் பதிந்துள்ள வட்டையும் சோதிக்கிறது.

இது ஒரு சங்கிலி. எந்த வளையம் அறுந்ததோ, அதற்கு முன்னுள்ளவை நடக்கும், பின்னுள்ளவை நடவா. ஆகவே, 'எதுவரை நடந்தது?' என்று பார்ப்பதே பழுதறியும் கலையின் அரிச்சுவடி.

அரைச் சுற்று சுற்றிய விசிறி

அம்மா எடுத்த சீட்டுப் பணத்தில் 34,000 ரூபாய்க்குப் பாகங்களை வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். அம்மா கற்பூரம் காட்டினார். பொத்தானை அழுத்தினேன். பிராசசரின் மேலுள்ள விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் அதே அரைச் சுற்று.

அப்போது நான் செய்தது பெருந்தவறு. பதற்றத்தில் ராமை இடம் மாற்றினேன். வட்டின் வயரைக் கழற்றினேன். முன்புறப் பொத்தானின் வயர்களை மாற்றிச் செருகினேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தேன். இப்படிச் செய்தால், ஒருவேளை பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது; நீங்காவிட்டாலோ புதிய தவறு ஒன்று சேர்ந்திருக்கிறதா என்றும் தெரியாது. நான் முன்னிருந்ததைவிட இருட்டில் நின்றேன்.

மறுநாள் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு தம்பி. நீங்களே மாட்டினதால திரும்ப எடுக்க முடியாது. வேற போர்டு போட்டா ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். டவுன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிய அந்தப் பயணம் எனக்கு மறக்காது. அம்மா "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்று பொய் சொன்னேன்.

அந்த வாரம் ஆய்வகத்தில் என் முகத்தைப் பார்த்துக் காரணம் கேட்ட எங்கள் பேராசிரியரிடம், போர்டு போய்விட்டதாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எதை அளந்து பார்த்து அப்படிச் சொல்கிறாய்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்ஸ்டன் சமனச் சுற்றில் கால்வனோமீட்டர் முள் அசையாவிட்டால் நாம் கால்வனோமீட்டரைத் தூக்கி எறிவதில்லை. மின்கலத்தைப் பார்க்கிறோம், சாவியைப் பார்க்கிறோம், ஒவ்வொரு வயரின் முனையையும் திருகிப் பார்க்கிறோம். ஆய்வகத்தில் மூன்றாண்டுகளாகச் செய்துவரும் அதே வேலையை என் வீட்டு மேசையில் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

அன்று மாலை ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கி வந்தேன். முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியாகச் சோதித்தேன். அதன் 24 துளைகள் கொண்ட பெரிய இணைப்பானில் பச்சை வயருக்கும் ஒரு கறுப்பு வயருக்கும் இடையே, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வளைத்த பேப்பர் கிளிப் ஒன்றைச் செருகினேன். பிறகு சுவிட்சைப் போட்டால், மதர்போர்டு தரவேண்டிய சைகையை அந்தக் கிளிப்பே தந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுழன்றது. மீட்டர் 12.1 வோல்ட் காட்டியது. 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது விதி. 5 வோல்ட் இணைப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். இரண்டும் சரியாகவே இருந்தன. இப்போது சில எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா வயர்களும் கறுப்பாகவே வருகின்றன; அவற்றில் படத்தைப் பார்த்து 16-ஆம் துளையை எண்ணிக் கண்டுகொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்ச மதிப்பு 325 வோல்ட் என்பதை நாம் படித்திருக்கிறோம். ஏறத்தாழ அந்த அளவு மின்னழுத்தம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும், உள்ளே இருக்கும் மின்தேக்கியில் சிறிது நேரம் தேங்கி நிற்கும்.

அடுத்து, மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தேன். பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், இரண்டு மின் இணைப்புகள், திரை வயர் ஆகிய இவை மட்டுமே. வட்டு இல்லை; கீபோர்டு இல்லை. இயங்குவதற்கு இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கிவிட்டால் சந்தேகப்படவேண்டிய இடங்களும் குறைந்துவிடும். பொத்தானுக்குரிய இரு ஊசிகளை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டேன்.

விசிறி சுழன்றது, நிற்கவே இல்லை! ஆயினும் திரையில் படம் வரவில்லை. போர்டின் ஓரத்தில் சி.பி.யு., டி-ராம், வி.ஜி.ஏ., பூட் என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் உண்டு. அவற்றுள் டி-ராம் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. சங்கிலி எந்த வளையத்தில் நின்றது என்பதைப் போர்டே சொல்லிவிட்டது. மின்சாரத்தை நிறுத்தி ராமைக் கழற்றி, மீண்டும் நேராக வைத்து, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை இரு முனைகளிலும் அழுத்தினேன். முதல் நாள் நான் பயந்து பயந்து அழுத்தியதில் ஒரு முனை முழுவதும் உள்ளே போகவில்லை. இம்முறை திரையில் பயாஸ் பக்கம் வந்தது. போர்டு போகவில்லை, பிராசசரும் போகவில்லை. இரவு மணி 11. நான் கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. எல்லாவற்றையும் மீண்டும் கேபினெட்டுக்குள் பூட்டி அழுத்தினால், மறுபடியும் அரைச் சுற்று!

முன்பாக இருந்தால் அழுதிருப்பேன். இப்போது சிந்திக்க ஒரு பிடி கிடைத்திருந்தது. அட்டைப் பெட்டியின்மேல் இயங்குகிறது, கேபினெட்டுக்குள் இயங்கவில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு என்ன? கேபினெட் மட்டுந்தான். போர்டை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். போர்டைத் தகட்டிலிருந்து உயர்த்தி நிறுத்துவதற்காகக் கேபினெட்டில் பித்தளையால் ஆன குட்டித் தூண்களைத் திருகி வைத்திருப்பார்கள். பெரிய போர்டுக்கும் சிறிய போர்டுக்கும் தூண்கள் நிற்கவேண்டிய இடங்கள் வேறுபடும். என்னுடையது சிறிய போர்டு. அதில் துளையே இல்லாத ஓரிடத்தின் கீழ் ஒரு தூண் நின்றுகொண்டிருந்தது. போர்டின் அடிப்புறத்தில் அந்த இடத்தில் ஒரு சிறு கீறல்.

அந்தத் தூண் போர்டின் அடியிலுள்ள மின்புள்ளி ஒன்றைக் கேபினெட் தகட்டோடு இணைத்துக் குறுக்குச் சுற்று உண்டாக்கியிருக்கிறது. மின்னோட்டம் அளவு மீறியதும் எஸ்.எம்.பி.எஸ். தன் பாதுகாப்பு அமைப்பால் உடனே நின்றிருக்கிறது. விசிறி அரைச் சுற்றோடு நின்றது அதனால்தான். உண்மையில் அந்த அரைச் சுற்று பழுதின் அடையாளம் மட்டுமன்று. என் போர்டைக் காப்பாற்றிய காவலும் அதுவே. தூணைக் கழற்றினேன். கணிப்பொறி இயங்கியது.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் கணிப்பொறி கோளாறு செய்தபோது, அதனுள் ஒரு ரிலேயின் முனைகளுக்கிடையே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்தனர். அந்தப் பூச்சியைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தனர். இன்றும் அது அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அங்கே பூச்சி, இங்கே பித்தளைத் தூண். இரண்டிலும் பாகங்கள் நல்லவையே. இருக்கக் கூடாத ஒன்று இடையில் இருந்ததுதான் குற்றம்.

விசிறி சுழன்றும் படம் வராவிட்டால்

புதிதாகக் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் நேரும் துன்பம் இதுவே. பார்க்கவேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. பிராசசருக்கெனத் தனியாக 8 அல்லது 4 துளை கொண்ட மின் இணைப்பு ஒன்று போர்டின் மேல் மூலையில் உண்டு. அதை மறந்துவிட்டாலும் விசிறிகள் சுழலும், படம் வராது.

2. ராம் இரு முனையிலும் முழுவதும் பொருந்தியிருக்க வேண்டும். நான்கு இடமுள்ள பெரும்பாலான போர்டுகளில், இரண்டு ராம் மட்டும் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது இடங்களில் செருக வேண்டும்.

3. திரையின் வயரை எங்கே செருகியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில்தான் செருக வேண்டும். கார்டு இல்லாவிட்டால் பிராசசருக்குள்ளேயே அந்த வசதி இருக்க வேண்டும். ரைசன் 5 5600ஜி-யில் அது உண்டு. பெயரில் 'ஜி' இல்லாத 5600-இல் இல்லை. ஓரெழுத்தை மறந்தவர்க்குத் திரை இருண்டே இருக்கும்.

4. பிராசசரைவிடப் போர்டு பழையதாக இருந்தால், அந்தப் பிராசசரைப் போர்டின் பயாஸ் அறிந்திராது. 2018-இல் வந்த வகைப் போர்டில் 2021-இல் வந்த பிராசசரைப் பொருத்தினால் இப்படி நேரலாம். பயாஸைப் புதுப்பித்தால் சரியாகும்.

5. டி.டி.ஆர்.5 வகை ராம் உள்ள கணிப்பொறி, முதல்முறை இயங்கும்போது ராமின் வேகத்தைத் தனக்குத்தானே பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பொறுமையிழந்து நிறுத்திவிடக் கூடாது.

6. பயாஸில் எதையாவது மாற்றியபின் படம் நின்றுவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள காசு போன்ற 3 வோல்ட் பாட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

7. இவ்வளவிற்கும் பின்னரே பிராசசரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏ.எம்.4 வகையில் பிராசசரின் அடியிலேயே 1,331 ஊசிகள் உண்டு. ஏ.எம்.5 வகையிலும் இன்டெல் வகையிலும் ஊசிகள் போர்டில் இருக்கும். ஒன்று வளைந்தாலும் கோளாறுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது.

பத்து நாள் கழித்து வந்த நோய்

இயங்காத கணிப்பொறியைவிடச் சில நேரம் இயங்கிச் சில நேரம் நிற்கும் கணிப்பொறியே நம்மை அதிகம் வாட்டும். பத்து நாள் நன்றாக ஓடிய என் கணிப்பொறி, பிறகு திடீர் திடீரென நீலத் திரை காட்டி மீண்டும் தொடங்கலாயிற்று. இத்தகைய நோய்க்கு முதலில் ஐயப்படவேண்டியவை மூன்று: வெப்பம், நினைவகம், மின்சாரம்.

வெப்பத்தைப் பயாஸ் பக்கத்திலேயே பார்க்கலாம். ஹீட் சிங்க் சரியாக உட்காராவிட்டாலோ, அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டாலோ சில நிமிடங்களில் வெப்பம் 90 பாகை செல்சியசைத் தாண்டும். பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால் நின்றுவிடும். என்னுடையது 45 பாகையில் இருந்தது. எனவே வெப்பம் காரணமன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸை முன்பே அளந்திருந்தேன். எஞ்சியது நினைவகம்.

என்னிடம் இரண்டு ராம்கள். அவற்றைச் செருக இரண்டு இடங்கள். 'மெம்டெஸ்ட்86' என்னும் இலவசச் சோதனை நிரலைப் பென்டிரைவில் பதிந்து ஓடவிட்டேன். இரண்டும் சேர்ந்திருந்தபோது சிவப்பு வரிகளில் பிழைகள் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக மாற்றினேன். முதல் ராம் முதல் இடத்தில்: பிழையில்லை. முதல் ராம் இரண்டாம் இடத்தில்: பிழையில்லை. இரண்டாம் ராம் முதல் இடத்தில்: பிழை. இரண்டாம் ராம் இரண்டாம் இடத்தில்: பிழை. இடம் மாறினாலும் பிழை ராமோடு கூடவே போகிறது. எனவே குற்றம் ராமில். ராமை மாற்றியும் பிழை ஒரே இடத்தில் நின்றிருந்தால் குற்றம் போர்டில் என்று பொருள். இச்சோதனைகளை முடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. செலவு ஒரு பைசாவும் இல்லை.

நான்கு சோதனைகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அவர் படங்களைப் பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் உத்தரவாதத்தில் ராமை மாற்றித் தந்தார். "அந்த போர்டு என்ன ஆச்சு தம்பி?" என்று அவரே கேட்டார். பித்தளைத் தூணைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, தம் கடைப் பையனைக் கூப்பிட்டு, "இனிமே போர்டு மாட்டும்போது அடியில தூணை எண்ணிப் பாரு" என்றார். அவர்மீது எனக்கிருந்த கோபம் அத்தோடு போயிற்று. அவரும் என்னைப் போலவே, அளக்குமுன் தீர்ப்புச் சொன்னவர், அவ்வளவுதான்.

சுவரில் இருந்த குறை

ஒன்று எஞ்சியிருந்தது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று கேபினெட்டின் திருகாணியைத் தொட்டால் சுருக்கென்று ஒரு சிறு அதிர்ச்சி. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. கணிப்பொறியைக் குறை சொல்ல வாயெடுத்தேன், பிறகு அளந்தேன். கேபினெட்டுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 110 வோல்ட்!

எஸ்.எம்.பி.எஸ்.சின் நுழைவாயிலில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உடலோடு இணைந்திருக்கும். உடல் எர்த்தோடு இணைந்திருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடல் இரண்டிற்கும் நடுவில், அதாவது 230-இல் பாதியில் நிற்கும். எங்கள் வீட்டு மூன்று துளைப் பிளக்கில் எர்த்துக்குரிய துளை இருந்தது. அதன் பின்னால் வயரே இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் வயர் இழுத்தபின் மீட்டர் பூச்சியத்தை ஒட்டி நின்றது. இதைக் கவனியாமல் விட்டிருந்தால், என்றாவது உள்ளே காப்பு உரை கெட்டுப்போகும்போது முழு மின்சாரமும் கேபினெட்டில் ஏறியிருக்கும். அதைத் தினமும் துடைத்து வைக்கும் அம்மாவின் கை முதலில் அதில் பட்டிருக்கும். இன்றிரவே உங்கள் வீட்டுப் பிளக்கையும் தெரிந்தவரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவுரை

நண்பர்களே! என் கணிப்பொறியில் இருந்தவை நான்கு குறைகள். சரியாக அழுத்தப்படாத ராம் ஒன்று. இருக்கக் கூடாத இடத்தில் ஒரு தூண். உண்மையிலேயே பழுதான ராம் ஒன்று. சுவரில் இல்லாத எர்த் வயர் ஒன்று. இவற்றுள் இரண்டு என் கைப்பிழை. ஒன்று எங்கள் வீட்டின் பிழை. ஒன்றே ஒன்றுதான் பொருளின் பிழை. முதல் நாளே கடைக்காரர் சொல்லைக் கேட்டுப் புதிய போர்டு வாங்கியிருந்தால், 7,500 ரூபாயும் போய், அந்தப் போர்டும் அதே தூணின்மேல் உட்கார்ந்து அரைச் சுற்றோடு நின்றிருக்கும்.

எதுவரை நடக்கிறது என்று பார், இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்துவை, அளக்குமுன் தீர்ப்புச் சொல்லாதே. இந்த ஐந்தும் எனக்குப் புதியவை அல்ல. நம் கல்லூரி ஆய்வகத்தில், பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதற்காக நான் செய்துவந்தவைதாம். அவை வீட்டிலும் உதவும் என்று உணர எனக்கு ஒரு பித்தளைத் தூண் தேவைப்பட்டது. அதை எறியாமல் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.